கிழக்கு மூலை வீடு

பழவேற்காடு
சுக்கில வருஷம், ஆடி 3

தம்பி சிங்காரத்துக்கு அண்ணன் தாமோதரன் எழுதுவது.

இங்கே நான் சுகம். எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன், ஆகையால் ஒருவனுக்கு மட்டும் எழுதுகிறேன். நாகப்பட்டினத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? சுண்ணாம்புப் படகில் வேலை என்று இருசம்மாள் சொன்னாள். கண்ணைப் பார்த்துக்கொள்.

விஷயம் இது. போன வாரம் கோட்டையிலிருந்து ஜான் என்ற அளவுக்காரத் துரை கயிறும் கழிகளுமாக வந்தார். கூடவே துபாஷி சுப்பராயலு. மேற்கே மணல்மேட்டில் நாற்பது நெசவுக் குடும்பங்களுக்குப் புது வீடு கட்டப்போகிறார்களாம். உள்நாட்டிலிருந்து அவர்களைத் தறியோடு கூட்டி வருகிறார்களாம். முதலில் மரமும் செங்கலும், பிறகு நூலும் துணியும், எல்லாம் ஏரித் துறையில் இறங்கி நம் குப்பத்து வழியாகத்தான் போக வேண்டும். இப்போது ஒரு வண்டி வந்தாலே தலையில் கூடை வைத்த பெண்கள் வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் இரண்டு வண்டி ஒன்றையொன்று தாண்டும்படி வழியை அகலப்படுத்துகிறார்கள். கடல் வழியும் கோட்டை வழியும் ஏரி வழியோடு சேருகிற நம் முச்சந்தியில், நீள மரம் ஏற்றிய வண்டி திரும்ப இடம் போதாதாம். ஒரு மூலையை இடித்தால்தான் திரும்புமாம்.

அவர்கள் பார்த்திருப்பது கிழக்கு மூலை. உன் வீடு. வாசலில் சிவப்புத் துணி கட்டிய கழியை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேற்கு மூலையில் என் வீடு இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதை ஏன் என்று கேட்டேன். சுப்பராயலு, "ஆளில்லாத வூடுதானே பெரியவரே, யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றான். நான்கு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் நான் போய் அங்கே அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வருகிறேன். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

உனக்குத் தெரியும். குப்பத்து எல்லைக்குள் அடுப்பு எரிகிற வீடு இருந்தால்தான் ஒருவன் பேர் பாடுப் பட்டியலில் நிற்கும். மாசி மகத்துக்கு மறுநாள் சீட்டுப் போடும்போது பேர் இல்லாதவனுக்கு ஏரியில் வலை இறக்கப் பாடும் கிடையாது, முறையும் கிடையாது. வீடு போகிறவனுக்கு மணல்மேட்டில் மாற்று மனை தருவார்களாம். மணல்மேடு எல்லைக்கு வெளியே. அங்கே அடுப்பு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?

நீ ஒரு தடவை வந்து உன் வாசலில் நின்றால் போதும். மாசிக்குள் வருவாயா என்று எழுது.

நீ ஊரை விட்டுப் போன அந்த வருஷம் சீட்டு நாளில் நீ தூங்கிப்போய் வராமல் உன் முறையைத் தவற விட்டதற்கு, ஊர் நடுவில் நான் சொன்ன சொல் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அது வேறு, வீடு வேறு.

காற்று தெற்கிலிருந்து அடிப்பதால் தோணி எதுவும் அந்தப் பக்கம் போகாது. சதுரங்கப்பட்டினம் வழியாக நடந்து போகிற ஓலைக்காரனிடம் கொடுத்திருக்கிறேன்.

கையில் கிடைத்ததும் பதிலை எதிர்பார்க்கும்
தாமோதரன்


நாகப்பட்டினம்
ஆவணி 20

அண்ணன் அவர்களுக்குத் தம்பி சிங்காரம் வணங்கி எழுதுவித்தது.

உங்கள் ஓலை கிடைத்தது. கிடங்குக் கணக்கர் படித்துக் காட்டினார். இதை எழுதுவதும் அவர்தான். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. கண் எரிச்சல் உண்டு, எண்ணெய் விட்டுக்கொள்கிறேன். புதுக் கோட்டைச் சுவர் பனைமரத்தில் பாதி உயரம் வந்துவிட்டது. சிப்பிச் சுண்ணாம்பை நாங்கள் கொண்டுவந்து கொட்டக் கொட்ட அது எங்கே போகிறதென்றே தெரியவில்லை.

இருசம்மாள் அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழைக்கு முன்னால் உங்கள் கூரைக்கு ஓலை மாற்றினீர்களா? மடவை மீன் இந்த வருஷம் எப்படி?

வீட்டு விஷயம் அறிந்துகொண்டேன். இப்போது வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சிங்காரம்


பழவேற்காடு
புரட்டாசி 14

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருசம்மாள் காட்டுப்பள்ளியிலிருந்து போன வாரம் படகில் வந்து, என் வீட்டு நிலைமையைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனாள். முழங்கால் அப்படியேதான், வாயும் அப்படியேதான். மடவை நன்றாக இருக்கிறது. கூரை மாற்றவில்லை. நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு நீ பதில் எழுதவில்லை.

கோட்டைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். யாரிடமும் போய் எழுதுவிக்கவில்லை. உப்பு மூட்டைகளில் கிடந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்ற எழுத்து இது, எனக்குப் போதும். அந்த வீடு யாருடையது, அவன் எங்கே யாருக்காக வேலை செய்கிறான், அவர்களுடைய கோட்டைச் சுவருக்கே சுண்ணாம்பு சுமக்கிறவனுடைய வீட்டை அவர்களே இடிப்பது என்ன நியாயம் என்று பன்னிரண்டு வரி. ஜான் துரை முன்னால் சுப்பராயலு அதை விரித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னான். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "வூட்டை இடிக்க வாணாம்னு சொல்றாருன்னு சொன்னேன்" என்றான். மீதிப் பத்து வரி எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அதுக்குள்ளயே கீது" என்கிறான்.

ஜான் கெட்டவர் இல்லை. வண்டியோடு வந்து முச்சந்தியில் திருப்பிக் காட்டினார். எந்த மூலையை இடித்தாலும் வண்டி திரும்பும் என்று அவரே ஒப்புக்கொண்டார். குடியிருக்கிறவனைக் கிளப்புவதைவிடப் பூட்டிய வீட்டை எடுப்பது நல்லது என்று நினைத்தாராம். அவர் கணக்கில் அது இரக்கம்.

ஒன்று சொல்கிறேன், சிரிப்பாய். இரண்டு மாதமாக அந்தக் கழிகள் குப்பம் நெடுக நிற்கின்றன. ஒருவரும் தொடவில்லை. ஒரு வலையைக்கூட அதன் மேல் போட்டு உலர்த்தவில்லை. குப்பத்தார் கோட்டைக்கு இவ்வளவு அடங்கியவர்களா என்று ஜான் துரைக்கு ஒரே சந்தோஷம். ஏரியில் துணி கட்டிய கழி நின்றால் அது ஒருவன் முறை, அடுத்தவன் கை வைக்கக் கூடாது என்பது நம் பிள்ளைகளுக்குப் பால்குடி நாளிலிருந்தே தெரியும். தரையில் நட்டதற்கும் அதே மரியாதையைக் கொடுத்துவிட்டார்கள். குப்பத்துக்கே தலைவர், நாட்டார் பொன்னுரங்கம் உட்பட. பிடுங்கி எறியலாம் என்று நான் சொன்னபோது, "கழி கழிதான், தாமோதரா" என்றார்.

அது நியாயம்தான். கழியை எடுக்க வேண்டுமானால் ஏரியில் என்ன முறையோ அதுதான். மாற்று இடத்தில் தன் கழியை நட்டு, ஊரார் நான்கு பேர் பார்த்த பிறகு பழையதை எடுக்கலாம். வெறுமனே பிடுங்கினால் திருட்டு.

மழைக்கு முன்னால் இடிக்கத் தொடங்குவார்கள். நீ வருகிறாயா என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். உன் கணக்கருக்கும் வேலை மிச்சம்.

தாமோதரன்


நாகப்பட்டினம்
ஐப்பசி 2

அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இப்போதும் கணக்கர் எதிரில் உட்கார்ந்து சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டை வழிக்கே விட்டுவிடுங்கள். எனக்காக நீங்கள் கோட்டைக்காரர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இங்கே ரங்கம்மாள் என்று ஒருத்தி. நம் சனம்தான், படகுக்காரர் மகள். சேர்ந்து இருக்கிறோம். பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஊர் நாட்டார் என் பேரையும் வரிசையில் எழுதிக்கொண்டார். போன வருஷமே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஊர் நடுவில் என்னைச் சொன்ன சொல்லுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று சொல்லாமல் இருந்தேன். பிறகு அந்தக் கோபம் போய்விட்டது, சொல்லாமல் இருந்ததுதான் நின்றுவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுகிறது, ஓலைக்காரன் போவானோ மாட்டானோ என்கிறார்கள். போய்ச் சேரட்டும்.

உங்களை நினைத்துக்கொண்டு
சிங்காரம்


பழவேற்காடு
கார்த்திகை 11

தம்பிக்கு,

நான் சுகம். இருபது நாளாக விடாத மழை. வாடைக் காற்றில் ஏரிக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உன்னிடமிருந்து ஓலை இல்லை. ஓலைக்காரர்கள் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். அதனால் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. மழை நின்ற பிறகும் இல்லையென்றால் சொல்வேன். இதையும் எழுதி வைத்திருக்கிறேன், வழி திறந்ததும் போகும்.

உன் வீடு பிழைத்தது. கழியை ஊரார் நான்கு பேர் பார்க்க முறைப்படி எடுத்தாயிற்று. ஜான் துரை முதலில் முகம் சுளித்தார். கயிற்றைப் பிடித்துப் பார்த்தார், நடந்து பார்த்தார், சுப்பராயலுவிடம் என்னவோ கேட்டார். அவன் என் பக்கம் கையைக் காட்டினான். பிறகு துரை தொப்பியை எடுத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி திரும்ப இடம் கிடைத்துவிட்டது. அவருக்கு வேண்டியது அதுதானே.

உன் வீட்டுக் கூரை வடக்குப் பக்கம் ஒழுகுகிறது. நான்கு வருஷம் ஆளில்லாமல் கிடந்தால் எலிகூடத் தங்காது. மழை முடியும்வரை நானே இங்கே படுத்துக்கொள்கிறேன். என் பெட்டியும் வலையும் இங்கேதான் இருக்கின்றன, ஈரம் படாத மூலையாகப் பார்த்து வைத்திருக்கிறேன். அடுப்பு இப்போது தினமும் எரிகிறது. வெள்ளிக்கிழமை என்ற கணக்கெல்லாம் போயிற்று.

உன் வீட்டில் காலையில் வெயில் நேரே உள்ளே வருகிறது. இத்தனை வருஷம் எதிரிலேயே இருந்தும் எனக்கு அது தெரியாது.

வேறு விசேஷம் இல்லை.
தாமோதரன்


காட்டுப்பள்ளி
மார்கழி 18

நாகப்பட்டினத்தில் இருக்கும் சிங்காரத்துக்கு, அவர் அக்காள் இருசம்மாள் சொல்ல உப்பளக் கணக்கன் ராமன் எழுதுவது. சொன்னது சொன்னபடி எழுத வேண்டும் என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சில வார்த்தைகளை மட்டும் நான் விட்டுவிட்டேன்.

அக்காள் உடம்பு தேவலை. முழங்காலில் மட்டும் வலி. நீர் சுகமா என்று கேட்கிறார். சுகமாக இருந்தால் அதற்கும் திட்டு உண்டு என்று சொல்லச் சொல்கிறார்.

"டேய் சிங்காரம். இதை உனக்கு எழுதக் கூடாதுன்னு அண்ணன் என்னாண்ட சத்தியம் கேட்டாரு. நான் சத்தியம் பண்ணலை, தலையைத்தான் ஆட்டினேன். உன் வூட்டு வாசல்ல இருந்த கழி எங்க போச்சுன்னு உனக்கு எழுதினாரா? எழுதியிருக்க மாட்டாரு. அவர் வூட்டு வாசல்ல போச்சு. ஐப்பசி அமாவாசை அன்னிக்கு, நாட்டாரு, இன்னும் மூணு பேரு நிக்கறப்போ, தன் வாசப்படியாண்ட தானே கழியை நட்டாரு. அப்பறம் எதிர்ல வந்து உன் வாசல்ல இருந்ததைப் பிடுங்கினாரு. மறுநாளே கூலிக்காரங்க வந்துட்டாங்க."

காலமான அண்ணி தெய்வநாயகியோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்த வீடு ஒரு பகலில் இடிந்ததாம். அண்ணன் நிழலில் உட்கார்ந்து வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாராம், ஒரு தடவைகூட நிமிரவில்லையாம். அக்காள் செய்தி கேட்டுப் படகில் போவதற்குள் அங்கே சிப்பித் தூள் கொட்டித் தரையைச் சமப்படுத்திவிட்டார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று அழுதிருக்கிறார். அதற்கு அண்ணன் சொன்னது: "எனக்கு ஊரெல்லாம் தெரியும், எங்கனா படுப்பேன். அவன் வந்தா எங்க நிப்பான்?"

வீடு போனதால் பட்டியலில் அவர் பேரும் போயிற்று. வெளியூர் போனவனுடைய அடுப்பைக் கூடப் பிறந்தவன் எரிய வைத்தால் போனவன் பேருக்கு முறை உண்டு. ஆகையால் மாசியில் அவர் உம்முடைய பேருக்குத்தான் எழுந்து நிற்க வேண்டும். சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர், இனி உம்முடைய இடத்தில், மூன்றாம் வரிசையில். மீன் விற்கிற முனியம்மா இப்போதே, "இன்னா சிங்காரம், இன்னிக்கு இறால் கீதா?" என்று கூப்பிடுகிறாளாம். அவர் இருக்கிறது இல்லை என்று பதிலும் சொல்கிறாராம்.

"எங்கூட வந்து இருன்னேன். உன் வூட்டுக்காரன் குறட்டைக்குப் பக்கத்துல என்னால படுக்க முடியாதுன்னாரு. தம்பி, நீ வருவியா மாட்டியா, அதை அவர்கிட்ட சொல்லிடு. அவரு கேக்கறது அது ஒண்ணுதான்."

இவ்வளவுதான் சொன்னார். இப்போது முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார். இத்துடன் நிறுத்துகிறேன்.


பழவேற்காடு
தை 9

தம்பிக்கு,

நான் சுகம். ரங்கம்மாளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் ஐப்பசி ஓலை இந்த மாதம் ஐந்தாம் தேதி வந்தது. மூன்று மாதம் ஓலைக்காரன் பையில் கிடந்திருக்கிறது. படித்தேன். வீட்டை வழிக்கு விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அது வந்து சேர்ந்த நேரத்தில் அதற்கு வேலை இல்லை. வழி முடிந்துவிட்டது. அதைப் பற்றி இனிப் பேச்சும் இல்லை.

எனக்குக் கோபம் வீட்டைப் பற்றி அல்ல. குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆன பிறகா பெரியப்பனுக்குத் தெரிவிப்பது? அதிலும் பேர் எழுதவில்லை. பேர் இல்லாத குழந்தையை நான் எப்படி நினைத்துக்கொள்வது?

இங்கே செய்தி. முச்சந்தி இப்போது நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. சிப்பித் தூள் போட்டு அடித்ததில் வெயிலில் கண் கூசுகிறது. மூன்று வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகலாம். போவதற்குத்தான் வண்டி இல்லை. பெரிய துரையும் கணக்கு ஓலைகளும் பெட்டிகளும் உங்கள் நாகப்பட்டினத்துக்கே குடிபெயரப் போவதாகப் பேச்சு. நெசவுக்காரர்கள் அதைக் கேள்விப்பட்டு வழியிலேயே நின்றுவிட்டார்கள். நாற்பது வீட்டில் மூன்றில்தான் புகை தெரிகிறது. மீதியில் ஆடு படுத்திருக்கிறது. ஜான் துரை தினமும் சாயங்காலம் வந்து முச்சந்தி நடுவில் நின்று மூன்று பக்கமும் பார்த்துவிட்டுப் போகிறார். நான் வாசலில் இருப்பேன். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. போன வாரம் ஒரு நாள் அவருக்கு இறால் கருவாடு ஒரு கை கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கு அவரைத் தவிர யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

மார்கழிப் பனியில் குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருந்ததா என்று எழுது.
தாமோதரன்


நாகப்பட்டினம்
தை 24

அண்ணன் அவர்கள் பாதத்தில் விழுந்து சிங்காரம் சொல்லி எழுதுவித்தது.

அக்காவின் ஓலையும் உங்களுடைய இரண்டு ஓலைகளும் ஒரே வாரத்தில் வந்தன. முதலில் அக்காவுடையதைப் படிக்கச் சொன்னேன். பிறகு உங்களுடையதை. உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று கணக்கரைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தேன். வெயில் உள்ளே வருகிறது என்ற இடம் வந்ததும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு மாதம் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கழி இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். உங்களிடம் மன்னிப்புக் கேட்டால் ஏற்க மாட்டீர்கள் என்று தெரியும். கேட்டுவிட்டேன்.

குழந்தைக்கு அண்ணியின் பேரைத்தான் வைத்தோம். தெய்வநாயகி. சொல்ல வெட்கப்பட்டேன். சளி இல்லை, நன்றாக இருக்கிறாள்.

நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. பெரியவர்களுக்கு இந்த ஊர்ச் சபையில் மரியாதை உண்டு. ரங்கம்மாளும் அப்படியே சொல்கிறாள்.

வர மனமில்லை என்றால், இதோடு இன்னொரு ஓலை வைத்திருக்கிறேன். அது நாட்டார் பொன்னுரங்கத்துக்கு. கிழக்கு மூலை வீட்டையும் என் பேருக்கு உண்டான முறையையும் நான் விட்டுவிட்டேன், இனி அந்த அடுப்பு அண்ணன் தாமோதரன் அடுப்பு, அவர் பேரையே எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு சாட்சியும் போட்டிருக்கிறேன். மகத்துக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். நீங்கள் என் பேருக்கு எழுந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வேகமாக நடக்கிற ஓலைக்காரனாகப் பார்த்துக் கொடுக்கிறேன். இது நேரத்துக்கு வந்து சேர வேண்டும்.

சிங்காரம்


பழவேற்காடு
பங்குனி 1

தம்பி சிங்காரத்துக்கும் ரங்கம்மாளுக்கும் குழந்தை தெய்வநாயகிக்கும் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். இருசம்மாளிடம் நான் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவள் நண்டு கொண்டுவந்தாள், பேசிவிட்டேன்.

உன் ஓலை நேரத்துக்கு வந்தது. மகத்துக்கு ஒன்பது நாள் முன்னால். நாட்டாருக்கு நீ எழுதியதையும் படித்தேன். உன் கணக்கர் எழுத்து எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விஷயத்தில் குறையில்லை. சாட்சியெல்லாம் சரியாக இருக்கிறது.

சீட்டு நாளில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவர்கள் இடம் விட்டு நகர்ந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாட்டார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். உன் பேர் வந்தபோது கூப்பிடாமல் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"தாமோதரா, உன் தம்பி விட்டுட்டேன்னு ஒரு ஓலை எழுதிக் குடுத்தா உன் பேரையே போட்டுடலாம். ஊருக்கும் அதான் நல்லது. எதுனா வந்துதா?"

சபை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பொய் சொல்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.

"ஒண்ணும் வரலை" என்றேன்.

"அப்போ கூப்புடவா?"

"கூப்புடு."

அவர் உன் பேரைக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்று, "இருக்கான்" என்றேன். பின்னால் ஒருவன் சிரித்தான். நாட்டார் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். ஓலை நறுக்கை எடுத்தேன். முகத்துவாரத்துக்கு அடுத்த பாடு வந்திருக்கிறது. பத்து வருஷமாக எனக்கு அந்த இடம் விழுந்ததில்லை. உனக்கு விழுந்திருக்கிறது. சித்திரையில் மூன்றாவது நாளிலிருந்து முறை தொடங்குகிறது. வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட இழுக்க மாரியைக் கேட்டிருக்கிறேன், அவன் சரியென்றான்.

நாட்டாருக்கு நீ எழுதிய ஓலையை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனி அப்படி ஒன்று எழுதாதே. வேறு ஆள் மூலமாகவும் அனுப்பாதே. அந்தப் பேரை இங்கே எடுத்துவிட்டால், உலகத்தில் உன் வீடு நாகப்பட்டினத்தில் மட்டும்தான் என்று ஆகிவிடும். அதற்காக நான் கிழக்கு மூலைக்கு வரவில்லை.

என்னை அங்கே கூப்பிடுகிறாய். ரங்கம்மாள் நல்ல பெண்ணாக இருக்க வேண்டும், முகம் தெரியாதவனைக் கூப்பிடுகிறாள். அவளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். நான் வந்தால் இங்கே அடுப்பு அணைந்துவிடும். அடுத்த மாசியில் உன் பேரைக் கூப்பிடும்போது ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு தடவை அப்படி நடந்து, அதற்காக நான் ஊர் நடுவில் கத்தியது போதும்.

கோட்டையில் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜான் துரையும் போகிறார் என்று சுப்பராயலு சொன்னான். இந்த வழியெல்லாம் இனி யாருக்கு என்று அவனையே கேட்டேன். சாயங்காலத்தில் முச்சந்தியில் இனி நான் மட்டும்தான். அகலமான இடம் என்பதால் தூரத்தில் ஆள் வந்தாலும் நன்றாகத் தெரியும்.

நான் செய்தது சரியா தப்பா என்று நீ எழுத வேண்டாம். வருகிறேன் என்று எழுத வேண்டாம். வரமாட்டேன் என்றும் எழுத வேண்டாம். உன் அண்ணியின் பேர் வைத்த பெண்ணுக்குப் பல் முளைத்துவிட்டதா, எந்தப் பக்கம் முதலில் முளைத்தது, அதை மட்டும் எழுது.

காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கிவிட்டது. உன் பதில் இனித் தோணியிலேயே வரலாம்.

உன் அண்ணன்
தாமோதரன்